தோல் வெட்டும் சிறு கத்தி: கோளாறைப் பார்த்துக் கத்தியைத் தேர்ந்தெடுப்பது

தோலில் வெட்டு சரியாக விழவில்லை என்றால் மனது உடனே கடைப் பக்கம் போகும். இன்னும் கொஞ்சம் விலை கூடின கத்தி வாங்கினால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். சில சமயம் தீரவும் தீரும். ஆனால் எந்தக் கத்தி வேண்டும் என்பதை வெட்டுப்பட்ட விளிம்பே சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டே போனால் டிராயர் நிறையக் கத்தி சேரும், வெட்டு மட்டும் அப்படியே இருக்கும்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் வீட்டில் ஒரு மேசை போட்டு பர்ஸ், பெல்ட், செருப்பு, கோயில் மேளத்துக்குத் தோள்வார் என்று சின்ன அளவில் தோல் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் வெட்டில் என்ன கோளாறு தெரிகிறதோ நேராக அந்தத் தலைப்புக்குப் போகலாம். அதற்கு முன்னால் எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது.

முதலில் கத்தியின் கூரைப் பாருங்கள்

செய்தித்தாள் ஒன்றை ஒரு கையில் தொங்கவிட்டு, மறு கையால் கத்தியை ஓரத்தில் வைத்து இழுங்கள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் கூர் போதும். தாள் மாட்டிக் கிழிந்தால் கீழே உள்ள எதையும் இப்போதைக்குப் படிக்க வேண்டாம். பிளேடு மாற்றுகிற கத்தி என்றால் பிளேடை மாற்றுங்கள், தீட்டுகிற கத்தி என்றால் தீட்டுங்கள், அப்புறம் திரும்பி வாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. விளக்குக்குக் கீழே கத்தியின் கூரை உங்கள் கண்ணுக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். நல்ல கூர் கண்ணுக்கே தெரியாது. மொக்கையான இடம் மட்டும் வெள்ளைக் கோடாக மின்னும். கத்தியின் முனையில் மட்டும் அந்தக் கோடு தெரிகிறதா, நீளம் முழுக்கத் தெரிகிறதா என்றும் பாருங்கள். முனையில் மட்டும் என்றால் நீங்கள் முனையாலேயே எல்லா வேலையும் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

கத்திக்கு முன்னால் தோல் குவிந்து சுருங்குகிறது

மெல்லிய, மெத்தென்ற தோலில்தான் இது வரும். குரோம் முறையில் பதனிட்ட ஆட்டுத்தோல், குடு (kudu) என்னும் ஆப்பிரிக்க மானின் தோல் போன்றவை இழுபடும். கத்தி வெட்டுவதற்கு முன்பே தோல் அதோடு சேர்ந்து நகர்ந்துவிடுகிறது. விளைவாக, ஸ்கேல் வைத்து நேராக இழுத்த கோடு கத்தியை எடுத்தபின் வளைந்து கிடக்கும்.

நேர்கோட்டு வெட்டுக்கு முதலில் கத்தியைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கத்தி செங்குத்தாக நின்றால் முனை மட்டும் தோலைத் தள்ளும். பின்பக்கமாகப் படுத்திருந்தால் கூரின் நீளம் முழுக்கச் சேர்ந்து அறுக்கும். அதோடு, இடது கை விரல்களைக் கத்திக்குப் பக்கத்திலேயே, அதன் பாதைக்கு வெளியே வைத்து அழுத்திக்கொண்டு கத்தியோடு கூடவே நகர்த்துங்கள். தோலின் உட்புறத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி டேப்போடு சேர்த்து வெட்டுவதும் நல்ல உபாயம், தோல் இழுபடாது. மேற்புறத்தில் ஒட்டினால் சில தோல்களின் பூச்சு டேப்போடு உரிந்து வந்துவிடும்.

இதெல்லாம் செய்தும் சுருங்கினால் கத்தியை மாற்ற வேண்டியதுதான். நீண்ட நேர்கோடுகள்தான் உங்கள் வேலை என்றால் 45 மி.மீ. சக்கரக் கத்தி வாங்குங்கள். உருண்டுகொண்டே வெட்டுவதால் அது தோலை இழுக்காது. வளைவுகளும் கலந்திருந்தால், ஷூ ஆலைகளில் மேல்தோல் வெட்டுகிறவர்கள் வைத்திருக்கும் சின்ன வளைந்த பிளேடு கத்திதான் சரி. மெல்லிய பிளேடு, முனை கொஞ்சம் உள்வாங்கி இருக்கும், கைப்பிடி உள்ளங்கைக்குள் அடங்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் டர்பனிலும் ஷூ ஆலைகள் ஒரு காலத்தில் நம் குடும்பங்கள் எத்தனையோவுக்குச் சோறு போட்டன. 1990களில் மலிவு இறக்குமதி வந்து பல ஆலைகள் மூடிவிட்டன, ஆனால் வெட்டும் பிரிவில் வேலை பார்த்த மாமாக்கள் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நார்த்டேலிலும் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் தெரிந்தவராக இருந்தால் ஒரு துண்டுத் தோலைக் கொடுத்து வெட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மணிக்கட்டு எவ்வளவு குறைவாக அசைகிறது என்பதை எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

விளிம்பு செங்குத்தாக இல்லை, சரிவாக இருக்கிறது

பெல்ட், வார் செய்கிறவர்களுக்கு வரும் கோளாறு. தாவரப் பட்டையால் பதனிட்ட 3 முதல் 4 மி.மீ. கனமான தோலில் மேல் அகலம் ஒன்று, கீழ் அகலம் ஒன்று என்று வரும். ஓரத்தைத் தேய்த்து மெருகேற்றும்போதுதான் இந்த வித்தியாசம் முழுசாகத் தெரியும்.

காரணம் இரண்டே: ஒன்று கை சாய்கிறது, இல்லையென்றால் கத்தி சாய்க்கிறது. எது என்று கண்டுபிடிக்க, அதே தோலில் அதே இடத்தில் நின்று, முதலில் உங்கள் கத்தியால் ஒரு கோடு, அப்புறம் புதுப் பிளேடு போட்ட சாதாரண 18 மி.மீ. ஒடிக்கும் கட்டரால் (மொக்கையான நுனியைக் கட்டம் கட்டமாக ஒடித்துவிடும் வகை, 18 மி.மீ. என்பது பிளேடின் அகலம்) இன்னொரு கோடு வெட்டுங்கள். கட்டரின் கூர் இரண்டு பக்கமும் சமமாகச் சரிந்திருக்கும், அது எந்தப் பக்கமும் ஒதுங்காது. இரண்டு வெட்டும் ஒரே மாதிரி சரிந்தால் குற்றம் கையில். கட்டரில் நேராக வந்தால் குற்றம் கத்தியில்.

கை என்றால் உட்கார்ந்து வெட்டுவதை விடுங்கள். எழுந்து நின்று, கண் வெட்டுக்கோட்டுக்கு நேர் மேலே வரும்படி குனியுங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் கத்தி நேராக இருப்பதுபோலத்தான் தெரியும். கத்திக்குப் பக்கத்தில் மேசைமேல் ஒரு சின்ன மூலைமட்டத்தை நிறுத்தி வைத்து ஒப்பிட்டுக்கொண்டே பழகினால் கை சீக்கிரம் படிந்துவிடும்.

கத்தி என்றால், பெரும்பாலும் அது ஒரு பக்கம் மட்டும் சரிவு தீட்டிய கத்தியாக இருக்கும். ஜப்பான் பாணித் தோல் சீவும் கத்திகள் அப்படித்தான் வருகின்றன, உளி போல ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் சரிவு. ஓரம் சீவுவதற்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் கனமான தோலில் செங்குத்தாக இறக்கினால் தட்டையான பக்கம் நோக்கி ஒதுங்கிக்கொண்டே போகும். அதையே வைத்து வெட்டத்தான் வேண்டும் என்றால், தட்டைப் பக்கம் நீங்கள் வைத்துக்கொள்ளப் போகிற துண்டைப் பார்த்து இருக்கட்டும். சரிவெல்லாம் கழிவுத் துண்டுக்குப் போய்விடும். இடது கைக்காரர்கள் இந்த வகைக் கத்தியை வாங்கும்போது சரிவு எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்க வேண்டும், கடையில் இருப்பவை பெரும்பாலும் வலது கைக்கே.

பிளேடின் கனமும் இதில் சேரும். முதுகு தடித்த கத்தி ஆழமாக இறங்கும்போது ஆப்பு மாதிரி தோலைப் பிளந்து பக்கவாட்டில் தள்ளும். கனமான தோலுக்குக் கனமான கத்தி என்று நினைப்பது இயல்பு, ஆனால் வேண்டியது மெல்லிய பிளேடு, உறுதியான கைப்பிடி, அவசரமில்லாத கை. முதல் இழுப்பு மேல்தோலில் கோடு கிழிக்கிற அளவுக்கு மட்டும் இருக்கட்டும். அடுத்த இழுப்புகள் அந்தத் தடத்திலேயே தானாக இறங்கும். ஒரே இழுப்பில் 4 மி.மீ. அறுத்துக் காட்டும் வீடியோக்கள் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

வீடியோ என்றதும் ஞாபகம் வருகிறது: அமெரிக்கர்கள் தோலின் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். 1 அவுன்ஸ் என்றால் சுமார் 0.4 மி.மீ. அவர்கள் "8 அவுன்ஸ்" என்றால் நம் கடையில் 3.2 மி.மீ. கேட்க வேண்டும்.

உள் வளைவு பிசிறடிக்கிறது, மூலையில் வெட்டு தாண்டிப்போகிறது

கார்டு பர்ஸில் கட்டைவிரல் வைக்கிற அரைவட்டம், வாட்ச் வாரின் நுனி, கொக்கி நுழையும் நீள்துளை போன்ற இடங்களில்தான் நிஜமான சிறு கத்தி தேவைப்படுகிறது.

வளைவு பிசிறடித்தால் பிளேட்டின் அகலத்தைப் பாருங்கள். தோலுக்குள் இறங்கியிருக்கும் பகுதி எவ்வளவு அகலமோ, அதைவிடச் சிறிய வளைவில் அது திரும்ப மறுக்கும். வற்புறுத்தித் திருப்பினால் சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைந்து வரும், அதுதான் நீங்கள் பார்க்கும் பிசிறு. 18 மி.மீ. கட்டரை வைத்துக்கொண்டு இதோடு போராடுவது வீண். நேர்கோட்டில் சாய்த்துப் பிடித்ததற்கு நேர்மாறாக, இங்கே கத்தியை நிமிர்த்துங்கள். முனை மட்டும் உள்ளே இருந்தால் திரும்ப இடம் கிடைக்கும். வளைவு நெடுக ஒரே ஓட்டமாகப் போங்கள், பாதியில் கத்தியைத் தூக்கினால் அந்த இடத்தில் ஒரு படி விழும். கத்தியைத் திருப்புவதைவிடத் தோலைத் திருப்புவது நல்லது. சின்ன வெட்டுப்பலகைமேல் தோலை வைத்துப் பலகையோடு சேர்த்துச் சுழற்றிப் பாருங்கள்.

இதற்கு என் தேர்வு அறுவைசிகிச்சை ஸ்கால்பெல்தான், விலையும் குறைவு. எண் 3 கைப்பிடி வாங்குங்கள். அதில் 10, 11, 15 வரிசைப் பிளேடுகள் பொருந்தும். 11 என்பது கூர்முனையோடு நேரான கூர் உள்ளது, மூலைகளுக்கும் மிகச் சிறிய வளைவுகளுக்கும் அதுதான். 15இன் கூர் சின்ன வட்டமாக இருக்கும், மெல்லிய தோலில் மென்மையாக ஓடும். 10ஏ என்பது நேரான கூரும் 11ஐவிடக் கொஞ்சம் உறுதியான முனையும் கொண்டது. ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு நான் 10ஏ சொல்வேன். எண் 4 கைப்பிடி 20 வரிசைப் பெரிய பிளேடுகளுக்கானது, அதை மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

கைவினைக் கடையில் கிடைக்கும் பேனா மாதிரி உருண்டைக் கத்திக்கும் "11" என்ற எண்ணில் பிளேடு உண்டு. அது வேறு, ஸ்கால்பெல்லின் 11 வேறு. ஒன்றின் பிளேடு மற்றதில் பொருந்தாது. எண்ணை மட்டும் பார்த்துப் பெட்டியாக வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய.

மூலையில் வெட்டு தாண்டிப்போவதற்குக் கத்தியை விடத் துளைப்பான்தான் மருந்து. உள் மூலையில் முதலில் 2 அல்லது 3 மி.மீ. வட்டத்துளை போட்டுவிட்டு, துளையிலிருந்து துளைக்கு வெட்டுங்கள். தாண்டுவதற்கு இடமே இருக்காது. பிற்பாடு அந்த மூலை கிழியவும் கிழியாது, கூரான மூலைதான் முதலில் கிழியும். துளை வேண்டாம், கூரான மூலையேதான் வேண்டும் என்றால் மூலையில் முனையைக் குத்தி இறக்கி அங்கிருந்து வெளியே இழுங்கள். இரண்டு பக்கமும் அப்படியே செய்யுங்கள்.

சுழல் கத்தி என்று ஒன்று தொடக்கக்காரர் செட்டுகளில் கண்டிப்பாக இருக்கும், மேலே ஆள்காட்டி விரல் வைக்க ஒரு வளையம், கீழே அகலமான சின்ன பிளேடு. வளைவுக்கு இதுதான் என்று நினைக்கத் தோன்றும். அது ஈரப்படுத்திய தாவரப் பதனிட்ட தோலின் மேற்பரப்பில் பூவேலைக் கோடு கீறுவதற்கு. தோலை ஊடுருவி வெட்ட அது செய்யப்படவில்லை. பொதுவாகவே அந்த செட்டுகளை வாங்காதீர்கள் என்பேன். அந்தக் காசுக்கு ஸ்கால்பெல் கைப்பிடி, ஒரு பெட்டிப் பிளேடு, ஒரு நல்ல 18 மி.மீ. கட்டர் மூன்றும் வாங்கி மிச்சமும் வரும்.

பிளேடு நெளிகிறது, கோட்டை விட்டு அலைகிறது

9 மி.மீ. ஒடிக்கும் பிளேட்டின் கனம் 0.38 மி.மீ., 18 மி.மீ. பிளேட்டின் கனம் 0.5 மி.மீ. வித்தியாசம் கொஞ்சம்தான் என்று தோன்றினாலும் கனமான தோலில் அழுத்தும்போது நன்றாகவே தெரியும். 9 மி.மீ. கட்டரை 1.5 மி.மீ. வரையிலான தோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தக் கட்டராக இருந்தாலும் பிளேடை ஒன்று அல்லது இரண்டு கட்டத்துக்கு மேல் வெளியே நீட்ட வேண்டாம். வாங்கும்போது பிளேடை வெளியே தள்ளி விரலால் பக்கவாட்டில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். உறைக்குள் லொடலொட என்று ஆடினால் அதைக் கீழே வைத்துவிட்டு, திருகி இறுக்கும் வகையைக் கேளுங்கள்.

ஸ்கால்பெல்லில் ஆட்டம் இருந்தால் பிளேடு முழுசாகப் பூட்டவில்லை, அல்லது கைப்பிடியின் பள்ளம் சரியாக வார்க்கப்படாத மலிவு ரகம். முதலாவதைச் சரிசெய்யலாம். இரண்டாவதை வைத்துக்கொண்டு தோலில் வேலை செய்யவே வேண்டாம்.

முனை ஒடிகிறது

11ஆம் எண் பிளேடு அடிக்கடி ஒடிந்தால் பலகையைப் பாருங்கள். கண்ணாடி, கிரானைட், டைல்ஸ் மேல் வெட்டினால் எந்த முனையும் நிற்காது. மரப்பலகையில் முனை மர ஓட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு கோடும் தவறும், திருப்பும்போது முனையும் போகும். பச்சை நிற வெட்டுப்பாய் அல்லது சமையலறையில் பயன்படுத்தும் கனமான வெள்ளை பிளாஸ்டிக் பலகை போதும். அடுத்தது, 2.5 மி.மீ.க்கு மேலான தோலில் கத்தி உள்ளே இருக்கும்போது மணிக்கட்டை முறுக்காதீர்கள். அந்தக் கனத்துக்கு 11ஐ விட்டு 10ஏக்கு மாறுங்கள்.

வேலை செய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஒடியும் முனை எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. பழைய பிளேடைக் கழற்ற விரல் வேண்டாம், குறடு பிடியுங்கள். கழற்றியதையும் ஒடிந்த துண்டுகளையும் மூடி இறுக்கமான தகரடப்பாவில் போட்டு வையுங்கள். குப்பைப் பையில் நேராகப் போடாதீர்கள். நம் தெருக்களில் லாரி வருவதற்கு முன்பே மறுசுழற்சிக்காகப் பைகளைக் கையால் துழாவிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்கேல் நழுவுகிறது, கத்தி ஸ்கேல்மேல் ஏறுகிறது

மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேலைத் தூக்கிப் போடுங்கள். கனமான ஸ்டீல் ஸ்கேலின் அடியில் தக்கை அல்லது மெல்லிய ரப்பர் ஒட்டுங்கள். தீட்டி வைத்த நல்ல கத்தியை ஸ்டீல் ஸ்கேலோடு உரச விட வேண்டாம், அதற்குக் கட்டர் இருக்கிறது.

முடியோடு உள்ள தோலில் ஓரம் மொட்டையாகிறது. நெருப்புக்கோழித் தோலில் கத்தி துள்ளுகிறது

இவை இரண்டும் இந்த நாட்டில் அடிக்கடி வரும் தொல்லைகள். இங்குனி (Nguni) என்னும் நாட்டு மாட்டின் முடியோடு பதனிட்ட தோலை மேற்புறத்திலிருந்து வெட்டினால் கோடு நெடுக முடியும் கத்தரிக்கப்பட்டு, வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். அந்தத் தோலைக் கவிழ்த்துப் போட்டு உட்புறத்தில் கோடு வரையுங்கள். ஸ்கால்பெல்லில் 11 போட்டு, முனை தோலின் கனத்துக்கு மட்டும் இறங்கும்படி மெதுவாக இழுங்கள். தோலைப் பலகையில் அழுத்தாமல், வெட்டுகிற இடத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் முடி கீழே தொங்கிவிடும், கத்தியில் படாது. வெட்டி முடித்ததும் இரண்டு துண்டையும் மெல்லப் பிரித்தால் முடி முழு நீளத்தில் ஓரத்தை மூடிக்கொள்ளும். கத்தரிக்கோலும் சக்கரக் கத்தியும் இங்கே ஆகாது.

ஊட்ஸ்ஹூர்ன் பக்கத்து நெருப்புக்கோழித் தோலில் இறகு முளைத்த இடமெல்லாம் மொட்டு மொட்டாக எழும்பியிருக்கும், முதுகுப் பகுதியில் மிக நெருக்கமாக. மெல்லிய பிளேடு ஒவ்வொரு மொட்டிலும் இடறி ஒதுங்கும். இதையும் உட்புறத்திலிருந்து வெட்டுவது சுலபம். வடிவத்தை வரையும்போதே மொட்டுகள் தையல்கோட்டில் விழாதபடி வடிவ அட்டையைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள், அது கத்தி தீர்க்கிற பிரச்சினை இல்லை. கத்தியைப் பொறுத்தவரை இதற்கு 10ஏ அல்லது வளைந்த பிளேடு. 9 மி.மீ. கட்டர் வேண்டாம்.

கூர் சீக்கிரம் போய்விடுகிறது

பிளேடு மாற்றுகிற கத்தியில் இது கோளாறே இல்லை, மாற்றத்தான் வேண்டும். ஒரு பிளேடைக் கடைசி மூச்சுவரை ஓட்டி மிச்சம் பிடிக்கும் காசைவிட, அது கெடுக்கும் தோலின் விலை பல மடங்கு.

தீட்டுகிற கத்தியில் வேறு கதை. தட்டைக் கண்ணாடிமேல் 1000, அப்புறம் 2000 எண் ஈர உப்புத்தாளை ஒட்டித் தீட்டினாலே சிறு கத்திக்குப் போதும். கல் வாங்குகிற வசதி இருந்தால் 1000க்கு ஒன்று, 3000க்கு மேல் ஒன்று. தீட்டும்போது மறுபக்கத்தில் நகத்துக்குத் தட்டுப்படுகிற மெல்லிய பிசிறு எழும்பும்வரை ஒரு பக்கம் தீட்டி, அப்புறம் அடுத்த பக்கம். கடைசியில் ஒரு பலகைமேல் ஒட்டிய தோல் பட்டையில் பச்சை குரோமியம் ஆக்சைடு மெழுகு தடவி, கூர் பின்னால் வரும்படி இழுத்து இழுத்து அந்தப் பிசிறை எடுங்கள். இழுக்கும்போது கத்தியின் முதுகைத் தூக்கினால் கூர் உருண்டுவிடும், அதனால் தீட்டிய அதே கோணத்தில் வையுங்கள். வேலைக்கு நடுவே அடிக்கடி இப்படி இழுத்துக்கொண்டால் கல்லுக்குப் போகிற வேலை வெகுவாகக் குறையும்.

மின்சாரச் சாணையில் சிறு கத்தியைக் காட்டாதீர்கள். மெல்லிய கூர் நொடியில் சூடேறி நீலம் பாயும். அதோடு எஃகின் பதம் போய்விடும், அதற்கப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

துரு

டர்பனின் கடற்காற்றில் கார்பன் எஃகுக் கத்தியை மேசைமேல் விட்டால் பழுப்புப் புள்ளி வந்துவிடும். ஜொகானஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. துருப்பிடிக்காத எஃகு வாங்கினால் தொல்லை இல்லை, ஆனால் கார்பன் எஃகைத் தீட்டுவது சுலபம். அதனால் நான் கார்பன் பக்கம்தான். ஸ்கால்பெல் பிளேடும் இரண்டு ரகத்திலும் கிடைக்கிறது. கடலோரத்தில் இருந்தால், பொட்டலம் பிரித்து நாள்பட வைத்திருப்பவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ரகம் மேல்.

தோல் வேலைக்காரர் என்றால் கத்திக்குத் தோல் உறை தைக்க ஆசை வரும். தையுங்கள், ஆனால் கத்தியை அதற்குள்ளேயே குடிவைக்காதீர்கள். தாவரப் பதனிட்ட தோலில் இருக்கும் அமிலமும் அது பிடித்து வைக்கும் ஈரமும் சேர்ந்து உறைக்குள்ளேயே துருவைக் கொண்டுவரும். வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, பிளாஸ்டிக் அல்லது மர உறையில் வையுங்கள். மறுநாள் வெட்டுவதற்கு முன் அந்த எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள், வெளிர்நிறத் தோலில் பட்டால் கறை போகாது.

விரல் வலிக்கிறது

தட்டை ஸ்கால்பெல் கைப்பிடி நீண்ட நேரப் பிடிப்புக்கு ஏற்றதில்லை. சைக்கிள் கைப்பிடி டேப்போ, மெல்லிய தோல் பட்டையோ சுற்றிப் பருமனாக்குங்கள். பூட்டும் பகுதியை மட்டும் சுற்றாமல் விடுங்கள், பிளேடு மாற்ற வேண்டும். அப்படியும் வலித்தால் நீங்கள் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள். செய்தித்தாள் சோதனையை இன்னொரு முறை செய்து பாருங்கள்.